பியூஸ் போன கதை

கம்பம் பட்டணத்தில் ஒரு விடுதி. பெயர் வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு நாம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து, மேற்கு மலைக் காற்று ஜன்னல் வழியாக வீசுகிற சுகத்தில் ஒரு புத்தகத்தைப் பிரித்தோம். அடுத்த நிமிஷம் விளக்கு அணைந்தது, விசிறி நின்றது, மாடி முழுவதும் இருட்டு.

"பியூஸ் போயிருச்சு!" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலில் கவலை சிறிதும் இல்லை. பால்காரர் வந்துவிட்டார் என்று சொல்வது போல இருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தோம். ஒரு பையன் செல்போன் வெளிச்சத்தில் பியூஸ் கேரியரைக் கழற்றி, பழைய ஒயர்த்துண்டு ஒன்றிலிருந்து நாலைந்து தாமிர இழைகளை உருவி, முறுக்கி, இரட்டையாக மடித்து, திருகாணியில் கெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இதற்கென்று மெல்லிய கம்பி கடையில் விற்குமே?" என்றோம்.

"அது வாரத்துக்கு ரெண்டு தடவை போகுது சார். இது இனிமே ஜென்மத்துக்கும் போகாது!" என்றான்.

விளக்கு எரிந்தது. பையன் வெற்றி வீரனைப் போல் எங்களைப் பார்த்துவிட்டுப் போனான். நமக்குத்தான் தூக்கம் வரவில்லை. இரவில் குரைத்துத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நாயை அடித்துக் கொன்றுவிட்டு, நிம்மதியாகக் கதவைத் திறந்து போட்டுப் படுத்தவன் ஒருவன் இருந்தானாம். அவனுடைய வீட்டில் விருந்தாளியாகப் படுத்திருப்பது போன்ற உணர்ச்சி நமக்கு உண்டாயிற்று.

மறுநாள் காலையில் கூடலூரைத் தாண்டி லோயர் காம்புக்குப் போனோம். அந்த ஊருக்குத் தமிழிலும் லோயர் காம்ப் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மலையின் மேலிருந்து நான்கு பெரும் இரும்புக் குழாய்கள் சரிவில் இறங்கி வருவதை வெகுதூரத்திலிருந்தே பார்க்கலாம். அதுதான் பெரியாறு மின்சார நிலையம்.

மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி நிறுத்தி, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிய கதையைக் கம்பம் பள்ளத்தாக்கில் சிறு குழந்தையும் சொல்லும். அணையைக் கட்டிய பென்னிகுவிக் துரைக்கு லோயர் காம்பிலேயே மணிமண்டபம் இருக்கிறது. பொங்கலன்று அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். அணை முடிந்து தண்ணீர் வந்தது 1895-ல். ஆனால் அந்தத் தண்ணீர் மலையிலிருந்து இறங்குகிற வேகத்தை மின்சாரமாக்கியது 1958-ல்தான். நடுவில் 63 வருஷம். பாசனத்துக்கென்று கொடுத்த தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமா என்று வெகுகாலம் வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. அத்தனை காலமும் மலைச் சரிவில் அந்தச் சக்தி பாறைகளில் மோதி இரைச்சலாகப் போய்க்கொண்டிருந்தது. 1958-ல் தொடங்கி 1965-க்குள் 35 மெகாவாட் வீதம் நான்கு யந்திரங்கள் வைத்தார்கள். பிற்காலத்தில் அவற்றைச் சீர்திருத்திச் சக்தியை இன்னும் உயர்த்தினார்கள்.

குழாய்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது, மின்சாரப் பாடத்தின் முதல் மூன்று சொற்களும் அந்தச் சரிவிலேயே எழுதியிருப்பதாக நமக்குத் தோன்றிற்று. தண்ணீர் ஆயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுகிறது. அந்த உயரம் கொடுக்கிற அழுத்தம் எதுவோ, அதுதான் மின்சாரத்தில் வோல்ட். விநாடிக்கு இத்தனை கன அடி என்று குழாயில் ஓடுகிற அளவு எதுவோ, அதுதான் ஆம்பியர். குழாய் குறுகலாக இருந்தாலும் உட்புறம் சொரசொரப்பாக இருந்தாலும் ஓட்டம் தடைப்படுகிறதல்லவா? அந்தத் தடைதான் ஓம். அழுத்தம் இரட்டித்தால் ஓட்டம் இரட்டிக்கும். தடை இரட்டித்தால் ஓட்டம் பாதியாகும் என்று ஜெர்மனியில் ஓம் என்ற பள்ளிக்கூட வாத்தியார் 1827-ல் புத்தகம் எழுதினார். ஆரம்பத்தில் அவருடைய ஊரார் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. வாத்தியார் சொல்வதை யார்தான் உடனே கேட்கிறார்கள்?

நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். வீட்டுக்கு வருகிற அழுத்தம் 230 வோல்ட். பழைய காலத்து 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் இழையின் தடை ஏறக்குறைய 880 ஓம். ஆகவே அதில் ஓடுவது கால் ஆம்பியருக்குச் சற்று அதிகம். வெந்நீர் காய்ச்சுகிற 1,000 வாட் ஹீட்டரின் தடை வெறும் 53 ஓம். அதில் நாலே கால் ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. தடை குறைவாக இருப்பதுதான் அதிகமாகக் குடிக்கிறது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் வீட்டு மின்சாரத்தில் பாதி மர்மம் தீர்ந்துவிடும்.

மின்சார நிலையத்துக்குள் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தைச் சூழ்ந்துள்ள கம்பிச் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. காந்தம் அசைந்தால் பக்கத்துச் சுருளில் மின்சாரம் உண்டாகும் என்று 1831-ல் பாரடே கண்டுபிடித்தார். சுருளை நம் எலெக்ட்ரீஷியன்கள் 'காயில்' என்பார்கள். மோட்டாரில் இருப்பதும் காயில்தான். சாலையோரத்துக் கம்பத்தில் உட்கார்ந்து ஊம் என்று முனகுகிற டிரான்ஸ்பார்மரில் இருப்பதும் காயில்தான். டிரான்ஸ்பார்மரில் ஒரே இரும்புக் கட்டையின் மேல் இரண்டு சுருள்கள். ஒன்றுக்கொன்று கம்பித் தொடர்பு கிடையாது. ஒன்றில் மின்சாரம் முன்னும் பின்னுமாக ஆடினால் மற்றொன்றிலும் ஆடுகிறது. சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி வோல்ட் ஏறும், அல்லது இறங்கும். 11,000 வோல்ட்டாக வருவது 400 வோல்ட்டாகி நம் தெருவுக்குள் நுழைவது அதனால்தான். வெளியூருக்கு அனுப்பும்போது மட்டும் ஏன் லட்சம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றுகிறார்கள்? அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் அதே சக்தியைப் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் அனுப்பிவிடலாம். கம்பியில் வீணாகிற உஷ்ணமோ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆம்பியர் இரட்டித்தால் உஷ்ணம் நான்கு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு என்று போகிற கணக்கு அது. விடுதிப் பையன் அறியாமல் விளையாடியது இந்தக் கணக்கோடுதான். அதற்குப் பிறகு வருகிறோம்.

லோயர் காம்பிலிருந்து திரும்புகையில் சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் இறங்கினோம். பந்தலுக்குக் கீழே பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாகத் தொங்கிற்று. 2023-ல் இந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் இதற்குக் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது போல் தோன்றிற்று. தோட்டக்காரப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இளமையில் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியவர். இந்தப் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரால் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது என்று ஓர் ஏக்கர் விடாமல் எண்ணிச் சொன்னார்.

அவரிடம் நாம் காலையில் கண்டுபிடித்த உவமையை விஸ்தாரமாக எடுத்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்கய்யா. மதகைத் திறந்தா தண்ணி ஓடும். சுவிட்சு மட்டும் உள்ளே கம்பி விலகித் திறந்துக்கிட்டா கரண்டு நின்னு போகுதே, அது என்ன?" என்றார்.

நம் உவமைக்கு முதல் அடி விழுந்தது. உண்மைதான். தண்ணீருக்கு வெட்டவெளி வழி. மின்சாரத்துக்கு வெட்டவெளி சுவர். கம்பி இருக்கிற வரையில்தான் அது போகும். சுவிட்சுக்குள் இருக்கிற இரண்டு பித்தளைத் துண்டுகள் ஒட்டினால் பாதை உண்டு. ஒரு நூல் விலகினால் பாதை இல்லை. அதோடு இன்னொரு வித்தியாசமும் உண்டு. வாய்க்காலில் விட்ட தண்ணீர் வயலோடு தங்கிவிடலாம். மின்சாரமோ புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வழி இருந்தால்தான் புறப்படவே சம்மதிக்கும். பேஸ் கம்பியில் போனது நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்ப வேண்டும். இதனால்தான் அதைச் சுற்று என்கிறோம். வீட்டுக்கு வருகிற மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுவது என்றாலும், ஒவ்வொரு கணத்திலும் ஒரு கம்பியில் எவ்வளவோ மற்றக் கம்பியிலும் அவ்வளவே.

"தண்ணீர் அப்படியா? முல்லையாற்றில் போனது போனதுதானே. வைகை அணையிலிருந்து லோயர் காம்புக்குத் திரும்பி வருகிறதா?" என்று கேட்டோம்.

பெரியவர் மேற்கு மலையைப் பார்த்தார். உச்சியில் மேகம் கவிந்திருந்தது. "வரலையா பின்னே?" என்றார்.

நாம் வாயை மூடிக்கொண்டோம். கடலுக்குப் போன தண்ணீரை வெயில் மேலே தூக்கி, தென்மேற்குக் காற்று சுமந்து கொண்டு வந்து, மறுபடியும் தேக்கடியில் கொட்டுகிறது. அந்தச் சுற்றுக்கு டைனமோ சூரியன்.

தோட்டத்துக் கிணற்றில் ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று ஓடிற்று. அதன் உறிஞ்சு குழாயின் அடியில் 'புட்வால்வு' இருக்கிறது. மோட்டார் நின்றாலும் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றில் இறங்காதபடி தடுக்கிற ஒருவழிக் கதவு அது. மின்சாரத்துக்கும் இப்படி ஓர் ஒருவழிக் கதவு உண்டு. அதற்கு டயோடு என்று பெயர். இங்கிலாந்தில் பிளெமிங் என்பவர் 1904-ல் கண்ணாடிக் குமிழுக்குள் இதைச் செய்தபோது வால்வு என்றேதான் பெயர் வைத்தார். அதே 1904-ல் நமது ஜகதீச சந்திர போஸ், ஈயக் கனிமமான கலீனாப் படிகத்தைக் கொண்டு செய்த கருவிக்கு அமெரிக்காவில் பேடண்ட் கிடைத்தது. விண்ணப்பம் போட்டது 1901-லேயே. கண்ணாடிக் குமிழ் வால்வுகள் பழைய ரேடியோக்களோடு பெரும்பாலும் போய்விட்டன; உலகம் திரும்பி வந்து சேர்ந்தது படிகத்தினிடந்தான். இன்று நம் செல்போன் சார்ஜருக்குள்ளும் எல்.இ.டி. பல்புக்குள்ளும் இருக்கிற டயோடுகள், போஸ் கையாண்ட அந்தப் படிகத்தின் வம்சத்தைச் சேர்ந்தவையே. முன்னும் பின்னும் ஆடுகிற மின்சாரத்தை ஒரே திசையில் ஓடச் செய்து கொடுப்பது இவற்றின் தொழில். போஸ் தமக்குப் பேடண்டே வேண்டாம் என்று இருந்தவர். நண்பர்களின் வற்புறுத்தலினால்தான் அந்த ஒன்றை வாங்கினார். வேறொரு தேசத்தில் பிறந்திருந்தால் அவருடைய படம் எல்லா எலெக்ட்ரிக் கடைகளிலும் தொங்கியிருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

இனிக் கண்டென்ஸர். வாய்க்கால் தண்ணீரை ஓர் ஏற்பாட்டுக்காகச் சிறிது நேரம் பிடித்து வைத்து மொத்தமாகத் திறந்து விடுகிற தொட்டி போன்றது இது. இரண்டு உலோகத் தகடுகள். நடுவில் மின்சாரம் கடக்க முடியாத மெல்லிய தாள். ஒரு தகட்டில் மின்சாரம் சேரும். எதிர்த் தகட்டில் அதற்குச் சமமாகக் குறையும். வழி கிடைத்ததும் ஒரே பாய்ச்சலில் சமப்படும். 1745, 46-ம் வருஷங்களில் ஐரோப்பாவில் ஒரு ஜாடிக்குள் மின்சாரத்தை இப்படிச் சேர்த்து வைத்துவிட்டு, தெரியாமல் தொட்ட பண்டிதர்கள் அலறிக்கொண்டு விழுந்தார்கள். நம் வீட்டுக் கூரை விசிறியில் தீப்பெட்டி அளவில் இருப்பதும் அந்த ஜாடியின் பேத்திதான். ஒற்றை பேஸில் ஓடுகிற மோட்டாருக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்று தானாகத் தெரியாது. இரண்டாவது காயிலுக்குக் கொஞ்சம் முன்கூட்டியே மின்சாரத்தை அனுப்பி, "இந்தப் பக்கம் சுற்று" என்று தள்ளிவிடுவது கண்டென்ஸர். விசிறி மெதுவாக ஓடுகிறது, கையால் சுற்றிவிட்டால் ஓடுகிறது என்றால் விசிறியை மாற்றாதீர்கள். சில ரூபாய்க்குக் கண்டென்ஸரை மாற்றச் சொல்லிப் பாருங்கள்.

பெரியவருடைய தோட்டத்துக்கு மலையோரமாக ஒரு கம்பி வேலி இருந்தது. காட்டுப் பன்றிக்காகப் போட்டது. சூரிய மின்சாரத்தில் இயங்குவது. இதிலும் ஒரு கண்டென்ஸர் இருக்கிறது. அது ஏறக்குறைய விநாடிக்கு ஒரு தடவை, ஆயிரக்கணக்கான வோல்ட்டில், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைவான நேரம் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிடும். பன்றி துள்ளி ஓடும், சாகாது. தொட்ட மனிதனும் கையை உதறிக்கொண்டு விலக அவகாசம் உண்டு. ஆனால் சிலர் இந்தக் கருவியில்லாமல், கம்பத்து மின்சாரத்தை நேரே வேலியில் இழுத்து விடுகிறார்கள். 230 வோல்ட் எங்கே, ஆயிரம் வோல்ட் எங்கே, இது குறைவுதானே என்று அவர்கள் நினைக்கலாம். குறைந்த வோல்ட்தான், ஆனால் ஓயாத ஓட்டம். தசைகள் இறுகிக் கம்பியைப் பற்றிய கை விடாது. மேலே விழுந்த உயரத்தைப் பார்க்கிறவர்கள், எவ்வளவு தண்ணீர் எவ்வளவு நேரம் விழுந்தது என்று பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட வேலிகளில் யானை செத்திருக்கிறது, சிறுத்தை செத்திருக்கிறது, விடியற்காலையில் வரப்பில் நடந்துபோன மனிதர்களும் செத்திருக்கிறார்கள். அது குற்றம். தமிழ்நாட்டில் மின்வேலிகளுக்கென்றே 2023-ல் தனி விதிகள் வந்தன.

இப்போது பியூஸுக்கு வருவோம்.

சுற்றில் உள்ள எல்லா உறுப்புகளும் ஏதேனும் ஒரு வேலை செய்து பிழைக்கின்றன. பியூஸ் ஒன்றுதான் சாவதற்கென்றே வைக்கப்பட்டது. வெள்ளீயம் பூசிய மெல்லிய தாமிரக் கம்பி. அளவுக்கு மேல் ஆம்பியர் ஓடினால் சூடேறி உருகி அறுந்துவிடும். விளக்குச் சுற்றில் 5 ஆம்பியர் என்றால், 20 ஆம்பியர் ஓடும்போது உஷ்ணம் 16 மடங்கு. சுவருக்குள் ஓடுகிற கம்பி பழுப்பதற்கு முன்னால் தான் அறுந்து ஓட்டத்தை நிறுத்துகிறது. விடுதிப் பையன் முறுக்கிக் கட்டிய கம்பி 50 ஆம்பியருக்கும் அசையாது. அப்படியானால் முதலில் உருகுவது யார்? நாம் படுத்திருந்த அறையின் சுவருக்குள் போகிற கம்பி.

நெருப்பு ஒரு புறம் இருக்கட்டும். மோட்டாரின் காயில் தேய்ந்து, கம்பி அதன் இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் கம்பி சரியாக இருந்தால் மின்சாரம் தடையின்றி அதன் வழியாகப் பூமிக்குப் பாயும். அந்தப் பெருக்கில் பியூஸ் உடனே அறுந்து மோட்டார் செத்த யந்திரமாகிவிடும். பியூஸில் தடிக் கம்பி சுற்றியிருந்தால் அறுக்க ஆளில்லை. எர்த்தும் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தால், வெறுங்காலோடு ஈரத்தில் நின்று மோட்டாரைத் தொடுகிறவரே எர்த் கம்பி ஆகிறார். பெரியவர் தம்முடைய மோட்டார்க் கொட்டகைக்கு அருகே குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழாயை நமக்குக் காட்டினார். கோடையில் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாராம். "மருமகன் போன வருஷம் ஊத்த மறந்துட்டான். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன எம் பொண்ணைத் தூக்கி அடிச்சிருச்சு. பொழச்சுக்கிட்டா" என்று சொல்லிவிட்டு, சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

பியூஸ் நல்லதாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் அதற்குக் கண் தெரியாது. மனித இருதயத்தை நிறுத்துவதற்கு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். 60 வாட் பல்பு குடிப்பதில் பாதிகூட இல்லை. 5 ஆம்பியர் பியூஸ் இதைக் கவனிக்கவே கவனிக்காது. இதற்காகத்தான் இ.எல்.சி.பி. என்ற பெட்டி வந்திருக்கிறது. அது செய்வதெல்லாம் கணக்குப் பார்ப்பதுதான். பேஸில் எவ்வளவு போயிற்று, நியூட்ரலில் எவ்வளவு திரும்பிற்று? போனதற்கும் வந்ததற்கும் 30 மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தால், அது யார் உடம்பு வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று அனுமானித்து, கண் இமைப்பதற்குள் முழுச் சுற்றையும் துண்டித்துவிடுகிறது.

இதைக் கேட்டதும் பெரியவர் முகம் மலர்ந்தது. "தலைமடையிலே விட்டதும் கடைமடைக்கு வந்ததும் ஒத்துப் போகலேன்னா நடுவிலே எவனோ மடையை உடைச்சிருக்கான்னு அர்த்தம். ராத்திரியிலே லாந்தரை எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்ப்போம்" என்றார். அப்பொழுதே மருமகனைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டி என்ன விலை என்று கம்பத்தில் விசாரித்து வரச் சொன்னார். ஆயிரம், இரண்டாயிரம் ஆகலாம் என்று நாம் தயங்கிச் சொன்னோம். அவர் தயங்கவில்லை.

மாலையில் நாமும் கம்பம் கடைவீதியில் 5 ஆம்பியர் பியூஸ் கம்பி ஒரு சுருள் வாங்கினோம். விடுதிப் பையனிடம் கொடுத்து, மெயினை அணைக்கச் சொல்லி, தடிக் கம்பியைக் கழற்றி இதைக் கட்ட வைத்தோம். "மறுபடியும் போகும் சார்" என்று எச்சரித்தான்.

இரவு எட்டரை மணிக்குப் பக்கத்து அறைக்காரர் வாளியில் ஹீட்டரைப் போட்டார். விளக்கு அணைந்தது, விசிறி நின்றது, மாடி முழுவதும் இருட்டு. கீழேயிருந்து அதே குரல் வந்தது. சுற்றிலும் எல்லாரும் விடுதிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, நாம் மட்டும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிப்போனோம்.